பன்னிரண்டாம் தட்டு

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கச்சி போய் நான்கு வருடம் முடிந்துவிட்டது. அன்றைக்கு மருத்துவமனை வாசலில் ஆட்கள் முன்னால் நான் உங்களைப் பேசியது அதிகம்தான். அதற்காக ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. பானை ஓடு கழுவும் மேசையில் அவளுக்கு இருந்த கை நான் வேலை பார்த்த எந்த அகழாய்விலும் யாருக்கும் இருந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் முப்பது வயதில் அந்த மேசையை விட்டு எழுந்து, காப்பீட்டு அலுவலகத்தில் படிவம் சரிபார்க்கப் போனாள். புத்தகம் எழுதிப் பெரிய ஆளாகிவிட்டீர்கள், பெண்டாட்டி சேற்றில் கை வைப்பது உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

எழுதக் காரணம் அருங்காட்சியகம். கிரேக்க நாகரிகம் எங்கிருந்து வந்தது என்று காட்டப் புதுக் கூடம் ஒன்று திறக்கிறார்களாம். முதல் கண்ணாடிப் பெட்டியில் நம்முடைய ஓடு. நாம் மூவரும் அந்தத் தீவில் தோண்டி எடுத்த, உங்கள் புத்தக அட்டையில் இருக்கிற, கிரேக்கத்துக்குக் கிழக்கே கடலின் அக்கரையில் வழங்கிய கீழைக்கரை எழுத்துகள் மூன்று கீறிய சமையல் பானைத் துண்டு. உங்கள் பழைய எதிராளி, 'வக்கீல்' என்று நாம் பட்டப்பெயர் வைத்த பேராசிரியர், ஆட்சேபம் கிளப்பியிருக்கிறார். கிரேக்கம் யாரிடமும் கை நீட்டாமல் தானாகவே எழுந்தது என்று முப்பது வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவர், முதல் பெட்டியிலேயே உங்கள் ஓடு என்றால் சும்மா இருப்பாரா? ஓடு கிடைத்த இடத்துக்கு மூலப் பதிவுகள் எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று எழுதிவிட்டார். எனவே அங்கே ஓடுகளை நான் வரைந்த நோட்டையும் கேட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று பெருமையாகப் பதிலும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன். குழியிலிருந்து ஓடுகள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொரு தட்டிலும் எண் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். தங்கச்சி கழுவிக் காயவைத்து என் மேசைக்கு அனுப்புவாள். நான் வரைந்து திருப்பியதும், ஓட்டின் உள்பக்கம் மையால் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவாள். நம் ஓட்டுக்குப் பதிவேட்டில் அவள் கையெழுத்தில் இருப்பது தட்டு 12. அது கீழடுக்கு, அந்தப் பழைய வீட்டின் அடுப்புக்குழி. என் நோட்டில் அதே ஓட்டை வரைந்த பக்கத்தின் தலையில் இருப்பது தட்டு 9. அது மேலடுக்கு, இருநூறு வருடம் பின்னால் வந்த மண். அந்தக் காலத்தில் கீழைக்கரைப் பானை எந்தத் தெருவிலும் கிடைக்கும், அதில் ஒரு அதிசயமும் இல்லை.

ஒன்பது என்றால் உங்கள் புத்தகம் இல்லை. அது உங்கள் பாடு. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். என் தங்கச்சியின் பதிவேட்டில் பன்னிரண்டு எப்படி வந்தது?

உங்கள் மச்சான் என்று எழுதிப் பழகிய கை. எழுதிவிட்டேன்.


மார்ச் 11

அன்புள்ள மச்சான்,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படித் தவறுவதற்கு நம் இருவரைத் தவிர யாரும் மிச்சமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. உறையைப் பிரிக்காமல் மதியம் வரை மேசையில் வைத்திருந்தேன்.

நோட்டை அனுப்பாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு படியுங்கள். தொலைந்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது, எதையாவது எழுதுங்கள்.

கிரேக்கர்கள் எழுத்தைக் கிழக்கிலிருந்து வாங்கினார்கள் என்பதை வக்கீல்கூட மறுக்கமாட்டார். அவர்களுடைய முதல் எழுத்தின் பெயருக்கு அவர்கள் மொழியில் பொருள் கிடையாது. கீழைக்கரை மொழியில் அது மாடு, இரண்டாவது வீடு. பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சண்டை அதில் இல்லை. துறைமுகத்தில் சரக்கோடு சரக்காக வந்து இறங்கியது, அவர்கள் தேவையானதை எடுத்துக்கொண்டு தங்கள் வழியில் போனார்கள் என்பது அவர் கட்சி. நான் சொன்னது வேறு. எல்லோரும் சொல்லும் காலத்துக்கு வெகுமுன்னாலேயே கிழக்கிலிருந்து வந்த ஒருத்தி அந்தத் தீவில் ஒரு வீட்டு அடுப்பில் சமைத்திருக்கிறாள். தன் பானையில் தன் மொழியில் கீறியிருக்கிறாள். அவள் பெற்ற பிள்ளைகள் இரண்டு மொழியிலும் பசி என்று அழுதிருக்கும். நாகரிகம் துறைமுகம் வழியாக வரவில்லை, அடுப்படி வழியாக வந்தது என்றேன். நானூறு பக்கத்துக்கும் அந்த ஒரு ஓடுதான் அச்சாணி.

இனிக் கேட்டதற்கு வருகிறேன். அந்த ஒன்பதை நான் எப்போதோ பார்த்துவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் படங்களைப் படியெடுக்க உங்கள் நோட்டை இரவல் வாங்கினேன் அல்லவா, அப்போது. நோட்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அவள் இருந்தவரையில் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை.

நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள், அதனால் சொல்கிறேன். அந்தத் தீவில் எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். தோண்டத் தோண்ட வெறும் மண். சாப்பிட உட்கார்ந்தால் நான் புலம்புவேன், என் கருத்து செத்துப் போய்விட்டது, வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று. அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்படிப் புலம்பிய நான்காவது நாள் அந்த ஓடு வந்தது, கீழடுக்கு என்ற எண்ணோடு. உங்கள் நோட்டு தப்பாது என்பது அந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியானால் எது மாறியிருக்க முடியும்? எனக்காக மாற்றிவிட்டாள். சின்னப் பெண், புதுப் புருஷன், ஒரே ஒரு எண்.

நோட்டு வெளியே வந்தால் அவளைத்தான் கிழிப்பார்கள். பொய்ப் பதிவு எழுதியவள் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் அடிக்குறிப்பில் நிற்பாள். என் பெயர் போனால் போகட்டும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. அவளுக்காக அந்த நோட்டை மறைத்துவிடுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 16

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை, வைத்திருக்கிறேன். எவ்வளவு தைரியம் இருந்தால் அவள் அண்ணனிடமே இப்படி எழுதுவீர்கள்?

என் தங்கச்சியை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கூட்டல் தப்பில் இரண்டு மதிப்பெண் அதிகம் போட்டுவிட்டார் என்று திருப்பிக் கொடுக்கப் போனவள். வகுப்பே கைகொட்டிச் சிரித்தது, அழுதுகொண்டு வந்தாள், ஆனால் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். அவளா எண்ணை மாற்றுவாள்? மாற்றியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும். புலம்பியதை ஒப்புக்கொள்கிறீர்கள். சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டீர்கள். செத்தவள் வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்.

கரையான் அரித்துவிட்டது என்று எழுதவேண்டுமாம். அகழாய்வை விட்ட பிறகு இருபது வருடம் இயந்திர பாகம் வரைந்து வயிறு வளர்த்தவன் நான். என் படத்தை வைத்துப் பட்டறையில் இரும்பை வெட்டுவார்கள். நான் ஒரு நூல் தவறினால் யாரோ ஒருவர் கை போகும். அப்படி இருந்தவனிடம் போய் நோட்டை மறைக்கச் சொல்கிறீர்கள். என் நோட்டில் இருப்பது இருப்பதுதான்.

எனக்கு உங்கள் கிழக்கும் வேண்டாம், வக்கீலின் மேற்கும் வேண்டாம். இரண்டு கட்சிக்கும் ஒரே வேலை, செத்துப்போனவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவது. யார் அப்பன், யார் பிள்ளை, யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது! கற்றுக்கொண்டவன் நிம்மதியாகக் கற்றுக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். நீங்கள்தான் அடித்துக்கொள்கிறீர்கள். அந்த அடிதடியில் என் தங்கச்சியை இழுக்காதீர்கள்.

முப்பதாம் தேதி நோட்டு இங்கிருந்து புறப்படும். அதற்கு முன்னால் நீங்கள் ஆய்விதழுக்கு எழுத வேண்டும். எண்ணை மாற்றச் சொன்னது நான், என் மனைவிக்குக் காரணம் தெரியாது என்று உங்கள் பெயரில் எழுத வேண்டும். நடந்தது அதுதான் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நடக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். இருபத்திரண்டு வருடம் உங்களுக்குச் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, உங்கள் கூட்டங்களில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு இது ஒன்றாவது செய்யுங்கள்.

அவள் அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள மச்சான்,

எழுதிவிட்டேன். இந்த மாத இதழில் வந்திருக்கிறது, ஒரு படி இத்துடன் வைத்திருக்கிறேன். படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் சுருக்கம் இதுதான். ஓடு மேலடுக்கில், ஒன்பதாம் தட்டில் கிடைத்தது. அதைக் கீழடுக்கு என்று பதியும்படி நான் சொன்னேன். பதிவேட்டை எழுதியவர் நான் சொன்னதை நம்பி எழுதினார், அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவள் பெயரைக்கூட எழுதவில்லை.

நான் அவளிடம் மாற்றச் சொல்லவில்லை, மச்சான். இதை உங்களிடம் மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி சரி. நடக்கவில்லை என்றாலும் எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் நடந்ததைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாங்க வந்தவர் மாடிப்படி ஏறிக் களைத்துப்போய் என்னிடமே தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். இரண்டாம் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது எங்கோ பாடம் எடுக்கிறாள், கோபமாக ஒரு கடிதம் எழுதியிருந்தாள். கீழைக்கரைத் தொடர்பு பற்றி அவள் எதைச் சொன்னாலும், இதுவும் அந்த ஓடு மாதிரிதானா என்று கூட்டத்தில் சிரிக்கிறார்களாம். அவளுடைய ஆதாரங்களுக்கும் என் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டார். கொக்கரிப்பார் என்று நினைத்தேன். "என்னய்யா இப்படிப் பண்ணிட்டீங்க, இனி நான் யாரோட சண்டை போடறது?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த வாரமே கூடத்தின் வாசகத்தை அவர் கட்சிக்காரர்கள் மாற்றி எழுதிவிட்டார்கள். வெளியிலிருந்து வந்தவை சில்லறைப் பழக்கங்கள், எழுந்தது முழுக்க உள்ளூர் மண்ணிலிருந்து என்று இருக்கிறதாம். அந்த வாசகம் தப்பு. இப்போதும் தப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை உலகத்தில் யாருக்கு இருந்தாலும் எனக்கு இல்லை.

அவள் பெயர் எங்கேயும் வரவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

மாப்பிள்ளை


ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். நீங்கள் பிரித்துப் படிக்கவேண்டும். என்மேல் கோபம் இருந்தால் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அருங்காட்சியகத்தில் நோட்டைத் திருப்பித் தருகிறோம், அதற்கு முன்னால் எந்தப் படம் எந்த ஓடு என்று சரிபார்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வேலை வெட்டி இல்லாதவன்தானே, போனேன். நிலவறையில் கிடங்கு. பொறுப்பாக ஒரு அம்மா இருக்கிறார், கறார்ப் பேர்வழி. பேனாவைக்கூட வாங்கி வைத்துவிட்டுப் பென்சில் கொடுத்தார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, நான் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

'தட்டு 9' என்று நான் எழுதிய பக்கத்தில் நம் ஓட்டோடு இன்னும் ஆறு துண்டு வரைந்திருக்கிறேன். ஆறின் உள்பக்கமும் தங்கச்சியின் மை எழுத்தில் 12. சரி, 'தட்டு 12' என்று நான் எழுதிய பக்கத்துக்குப் போனேன். அதில் எட்டுத் துண்டு. எட்டிலும் அவள் எழுத்தில் 9. ஒரு ஓட்டை மாற்ற நினைக்கிறவள் இரண்டு தட்டையும் முழுசாக மாற்றி எழுதுவாளா? அந்த அம்மா நாற்காலியைத் தள்ளி, "ஒக்காருங்க சார், ஏன் மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்றார்.

பிறகு குழிப் படங்களைக் கேட்டேன், ஓடுகளை எடுக்கும் முன்னால் குழியிலேயே வைத்துப் பிடித்த புகைப்படங்கள். அடுப்புக்குழிப் படத்தில் கரி பிடித்த ஒரு கைப்பிடி சாம்பலுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. யாரும் இன்னும் தொடவில்லை, கழுவவில்லை, எண் போடவில்லை. அதே கைப்பிடி, அதே உடைந்த முனையோடு, என் நோட்டில் நம் ஓட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, 'தட்டு 9' என்ற பக்கத்தில். அந்தப் பக்கம் முழுக்க அடுப்புக்குழி, மாப்பிள்ளை. தங்கச்சி எழுதிய பன்னிரண்டுதான் சரி. உங்கள் புத்தகமும் சரி. தப்பு என் நோட்டில்.

எப்படி என்று சொல்கிறேன். காலையில் கை சுத்தமாக இருக்கும்போதே அன்றைக்கு வரையவேண்டிய பக்கங்களுக்குக் கட்டம் கட்டி, தலையில் தட்டு எண்களை எழுதி வைத்துவிடுவேன். அது ஒரு சாமர்த்தியம் என்று எனக்கு நினைப்பு. அன்றைக்கு என் பங்குக்கு வந்தது இரண்டே தட்டு, ஒன்பதும் பன்னிரண்டும். முந்தின நாள் மழை என்று குறிப்பில் இருக்கிறது. மேலடுக்குச் சேறு காய்ந்திருக்காது. அவள் காய்ந்திருந்த பன்னிரண்டாம் தட்டை முதலில் கொண்டுவந்து வைத்திருப்பாள், நான் சீட்டைக்கூடப் பார்க்காமல், ஒன்பது என்று எழுதிவைத்த முதல் பக்கத்தில் அதை வரைந்திருப்பேன். அவ்வளவுதான். என் நோட்டில் இருப்பது இருப்பதுதான் என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும். வேலை நேரத்தில் என் அலுவலகத்துக்கே தேடி வந்தாள். அப்படி வருகிறவள் இல்லை. "அண்ணா, அந்தத் தீவு நோட்டு ஒருதரம் பாக்கணும். நீ நம்பர வரையறப்ப எழுதுவியா, முன்னாடியே எழுதி வெச்சிடுவியா?" என்றாள். எனக்கு அன்றைக்கு ஒரு பெரிய படம் முடிக்கவேண்டிய அவசரம். "என்ன, என் நோட்டுலயே நொட்டை சொல்ல வந்துட்டியா? மொதல்ல உன் பதிவேடு ஒழுங்கா இருக்கான்னு போய்ப் பாரு" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணுமில்ல, விடு" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்த மாதம் காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தாள்.

எதற்குக் கேட்டாள் என்று பதினைந்து நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். இதைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை என்றீர்கள். பின் யார் சொல்லி அவளுக்கு நோட்டின்மேல் சந்தேகம் வந்தது?

அது கிடக்கட்டும். உடனே ஆய்விதழுக்கு எழுதுங்கள். என் தப்பை நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். படத்தையும் இழுப்பறைப் பட்டியலையும் சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம். என்னை மன்னிக்கவேண்டாம், எழுதினால் போதும்.

மச்சான்


ஜூன் 27

அன்புள்ள மச்சான்,

எழுதினேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே எழுதினேன். பதில் நேற்று வந்தது, ஐந்து வரி. அப்படியே தருகிறேன்: பதிவேட்டைத் திருத்தியதாக நீங்களே எழுதிக்கொடுத்த பிறகு, அந்த அகழாய்வின் எந்தப் பதிவையும் ஆதாரமாக ஏற்பதற்கில்லை. இரண்டு தட்டையும் சேர்த்தே மாற்றியிருக்க முடியும். குழிப் படங்களின் பின்னால் தேதியும் எண்ணும் எழுதியிருப்பவர் உங்கள் மனைவி. தவறு தன்னுடையது என்று எழுதியிருப்பவர் உங்கள் மைத்துனர். இந்த விவாதம் முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் இதையே எழுதியிருப்பேன்.

வக்கீலிடம் போனேன். உங்கள் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். அந்தக் கைப்பிடியில் வந்ததும் நின்றார். "இது நெசமா இருக்கலாம்" என்றார். "ஆனா இனிமே நெசமா இருந்து என்ன பண்ண? ஒங்க வாயாலயே இல்லன்னுட்டீங்களே" என்றார். கீழே வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஓடு திரும்பக் கிடங்குக்கே போய்விட்டதாம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்துக்கு முன்கூட்டியே எண் போட்டது ஒரு குற்றமா? எழுதச் சொல்லி நீங்கள் மிரட்டினீர்கள், உண்மைதான். ஆனால் அவள் மாற்றினாள் என்று உங்களுக்கு எழுதியது நான். ஒரு எண் பிசகியிருந்தது, அவ்வளவுதான். அதைக் கண்டதும் அவளைத் திருடி என்று முடிவு கட்டியது நான். அதுவும் எவ்வளவு சந்தோஷமாக!

மார்ச் மாதக் கடிதத்தில் ஒரு பொய் எழுதியிருந்தேன். பேசியதே இல்லை என்றேன். இரண்டு தடவை பேசினேன்.

முதல் தடவை புத்தகம் வந்த அன்று. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அவள் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று, "நீ எனக்காகப் பண்ணினத நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றேன். "என்ன பண்ணினேன்?" என்றாள். "ஒன்பத பன்னெண்டாக்கினியே, அது" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "தட்டுல கட்டியிருந்த சீட்டப் பாத்துத்தானே நான் எழுதினேன்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, மச்சான்? கண்ணைச் சிமிட்டினேன். "யார் கேட்டாலும் அப்படியே சொல்லு" என்றேன். அதற்குப் பிறகுதான் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள், தன் பக்கம் ஒரு சாட்சி தேடி.

அவள் அந்த மேசையை விட்டபோது, மனசாட்சி உறுத்துகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்காக அவளை இன்னும் கொஞ்சம் மதித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி பானையில் கீறிய மூன்று எழுத்தை நம்பி நானூறு பக்கம் எழுதினேன். என் வீட்டில் என் எதிரில் நின்றவள் வாய்விட்டுச் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பவில்லை. நம்பியிருந்தால் அன்றைக்கே உங்கள் நோட்டைத் திரும்ப வாங்கி ஓடுகளோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருப்பேன். அரை நாள் வேலை.

இரண்டாவது தடவை மருத்துவமனையில். கடைசி வாரம், ஒரு மத்தியானம். நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "இப்பவாவது நம்புறீங்களா?" என்றாள். எதை என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. நம்புகிறேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று தோன்றியது, அதுதான் அன்பு என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அதப் போய் ஏன் இன்னும் நெனச்சுக்கிட்டிருக்க? நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாள். செவிலியரிடம் தண்ணீர் கேட்டாள், உங்களிடம் கம்பளிப் போர்வையை எடுத்துப் போர்த்திவிடச் சொன்னாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை